கோட்டுக்கு அந்தப் பக்கம்

அமலோற்பவம் டீச்சரிடம் கபடி கற்ற தமயந்தி இப்போது பணக்காரக் கல்லூரி ஒன்றின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். கல்லூரிக் காரில் வந்து இறங்கினாள். டீச்சரின் சின்னக் கல்லூரி மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் பாதிதான் உண்டு. மீதிப் பொறுப்பை ஆடுகள் ஏற்றிருந்தன.

"ஒரு சந்தேகம் டீச்சர். மாவட்டத்துல நல்லா ஆடுற பிள்ளைகளையெல்லாம் சம்பளம் பேசி எங்க காலேஜுக்குக் கொண்டாந்துட்டேன். எல்லாக் கோப்பையும் எங்ககிட்டதான். ஆனா மேட்ச் பாக்க ஈ காக்கா வரலை. ஆள் வராத ஆட்டத்துக்கு எதுக்கு டீம்னு நிர்வாகம் கேக்கு. இழுத்து மூடிருவாங்க."

"அதுக்கு?"

"உங்க இசக்கியைக் குடுங்க. அவ கணுக்கால் பிடியைப் பாக்கவே கூட்டம் வரும்."

பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்த இசக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ அம்மைக்கு அந்தச் சம்பளம் பெரிய ஒத்தாசை" என்றார் டீச்சர். "செருப்பைக் கழத்து. இசக்கியோட வேற யாரெல்லாம் வேணுமோ உன் பக்கம் கூப்பிட்டுக்கோ."

டீச்சரிடம் தமயந்திக்கு மறுபேச்சு வராது. கை காட்டினாள். காட்டப்பட்டவர்கள் நடுக்கோட்டைத் தாண்டி வந்தார்கள். மிஞ்சியவர்களை டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"இப்போ பாடிப் போ."

"கபடி கபடி" என்று கோட்டைத் தாண்டினாள். எதிரே மணல் மட்டும். விதி எழுதியவர்கள் இப்படியொரு களத்தை யோசித்திருக்க மாட்டார்கள். சந்தையில் தொலைந்த பிள்ளையின் குரல் போலத் தன் குரல் தனக்கே கேட்டது. பாதியில் நிறுத்தினாள்.

"யாரைத் தொட, டீச்சர்?"

"மூச்சு பத்தலையா அக்கா?" என்றாள் பின்னால் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இசக்கி, நீ மட்டும் அங்க போய் நில்லு."

இசக்கி போய் நின்றாள். லேசாகக் குனிந்தாள், அவ்வளவுதான்.

தமயந்தி மறுபடி பாடிப் போனாள். அதே மணல்தான். இப்போது அதற்கு மூலைகள் முளைத்திருந்தன, ஒவ்வொன்றும் ஆபத்து. சிரிப்பு அடங்கிவிட்டது. சுவருக்கு வெளியே சைக்கிளில் போனவர் காலூன்றி நின்றார். தமயந்தியின் கைகளில் மயிர் கூச்செறிந்தது. பல வருஷமாக அவளை விட்டுப் போயிருந்த பயம். எத்தனை அழகான பயம் என்று நினைப்பதற்குள் கணுக்கால் பிடிபட்டது.

மணலில் கிடந்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. சைக்கிள்காரருக்குப் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள்.

டீச்சர் குனிந்தார்.

"சம்பளம் குடு. நல்லாவே குடு. ஆனா ஏட்டி, இவ எந்தப் பக்கம் நிக்கணும்?"