வெட்டிய இடத்துக்கு வந்த கோப்பை

சென்னைத் திரைப்பட விழா ஒன்றுக்கு வந்திருந்த தெஹ்ரான் படத்தொகுப்பாளர் மஹ்லகா அம்மையார், 2003ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தேநீர் இடைவேளை ஒன்றில் சொல்லக் கேட்ட கதை இது.

தெஹ்ரானில் ஈரஜ் என்றோர் இயக்குநரிடம் ஒரு கேமரா இருந்தது. அவருடைய முதல் படத்தில் சிறைவாசலில் நிற்கும் தாயாக வந்தவள் நடிகையல்லள். ஈரஜ் குடியிருந்த தெருவிலேயே துணி தைக்கும் தல்அத். அவள் மகன் உண்மையிலேயே உள்ளே இருந்தான். அவனுக்காக அவள் கொண்டுபோகும் கம்பளிக் காலுறைகளை வாசற்காவலன் ஒருநாளும் வாங்கியதில்லை. படத்திலும் அதே பையை நீட்டி, "அவனுக்குக் குளிர் தாங்காதுங்க" என்று அவள் சொன்னபோது கேமராவின் கண்ணாடியில் ஆவி படிந்தது.

"நம்ம தெருத் தியேட்டர்ல இதைக் காட்டுவீங்களா ஐயா? அந்தக் காவல்காரன் பெண்டாட்டி அங்கதான் படம் பார்க்க வருவா" என்றாள் தல்அத்.

"காட்டுறேம்மா" என்றார் ஈரஜ். அந்த வாக்கைக் கேமரா தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது.

தணிக்கை அலுவலகத்தில் கத்தரிக்கோல் படத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சியது. "அழவச்சிட்டே தம்பி. அதனாலதான் வெட்டுறேன்."

"அண்ணே, அந்த ஒரு காட்சியை மட்டும் விட்டுடுங்க" என்றது கேமரா.

"அந்த ஒண்ணைத்தானே வெட்டுறேன்" என்று சொல்லிக் கச்சிதமாக வெட்டியது.

எனவே படத்தில் தாய் பையோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டாள். அடுத்த கணம் பையோடு திரும்பி வந்தாள். வெளிநாட்டுப் படவிழா நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். இடையில் நடந்ததைச் சொல்லாமல் விட்ட அடக்கத்தை என்னவென்று புகழ்வது என்றனர். விருதாக ஒரு கோப்பை வந்து ஈரஜின் அலமாரியில் அமர்ந்தது.

"நான் தங்களது மௌனத்துக்காக அளிக்கப்பட்டவன்" என்றது கோப்பை.

"அது என் மௌனம் இல்லீங்க. கத்தரிக்கோல் அண்ணன் வெட்டினது" என்றது கேமரா.

கத்தரிக்கோலுக்குச் செய்தி எட்டியது. "பாதிக் கோப்பை எனக்குச் சேரணும் தம்பி. நீ எடுத்ததுக்கு யாரு கைதட்டினாங்க?" என்று சிரித்தது.

ஈரஜ் விடவில்லை. அடுத்த படத்திலும் அதே காட்சியைச் சேர்த்தார், அதற்கடுத்ததிலும் சேர்த்தார். கத்தரிக்கோலும் விடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோப்பை வந்தது. அலமாரி நிறைந்தது. குளிர்காலங்கள் போயின. தல்அத் கேமராவைக் கடந்து போகும்போது "எப்போ காட்டுவீங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இறுதியில் நடுவர்களின் பாராட்டுரையை அலுவலகத்தார் நிதானமாகப் படித்துப் பார்த்தனர். தாங்கள் வெட்டிய இடங்களுக்கே விருது வருகிறது என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. "இவன் படத்தில் இனி ஒரு துண்டுகூட வெட்டாதே. எப்படி வாங்குகிறான் பார்ப்போம்" என்று உத்தரவாயிற்று.

கத்தரிக்கோல் கலங்கிப்போனது. "தம்பி, நான் கை வைக்கலைன்னா உன் பேரு கெட்டுடுமே."

"கெடட்டும் அண்ணே."

புதிய படம் தெருத் தியேட்டரில் முழுதாக ஓடியது. காவலன் மனைவி முன்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். திரையில் தல்அத் பையை நீட்டியதும் கொறிப்பது நின்றது. மறுநாள் சிறைவாசலில் காவலன் கையை நீட்டினான். பை உள்ளே போயிற்று.

வெளிநாட்டு நடுவர்களோ, இயக்குநர் தம் மௌனத்தை இழந்துவிட்டார் என வருந்தினர். அவ்வாண்டு கோப்பை வரவில்லை. "எங்கள் குலத்துக்கே இழுக்கு" என்றன அலமாரியில் இருந்தவை. கேமரா ஆவி படிந்த தன் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிக் காத்திருந்தது.

மஹ்லகா அம்மையார் சொன்னது இவ்வளவே. ஈரானின் தெற்கே ஷிராஸ் நகரப் பக்கத்தார் முடிவை வேறுவிதமாகச் சொல்வர். அந்தக் காட்சி வந்த நொடியில் தியேட்டரில் மின்சாரம் போயிற்றாம். அந்த இருட்டுக்கும் ஒரு கோப்பை வந்ததாம். பை என்னவாயிற்று என்று அவர்கள் சொல்வதில்லை.