ரெண்டு பெட்டியும் ஒரே சத்தம்

சரிங்கபட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதனால்தான் அந்த ஊரில் எந்தக் காரியமும் உருப்படுவதில்லை.

அந்த ஊர் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன் தவசி. அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபயர் புகைவிட்டுச் செத்துப்போயிருந்தது. அன்று சாயந்திரமோ அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கச்சேரி. தவசிக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க, பக்கத்து ஊர் முத்துக்குட்டி முன் வரிசையில் வந்து உட்காரப்போகிறார். அவர் மகள் வடிவை நினைத்து நினைத்தே பையன் பாதியாய் இளைத்துவிட்டான், பாவம். கச்சேரி சொதப்பினால் கல்யாணமும் இல்லை.

டவுனில் ரேடியோ கடை வைத்திருக்கிற இஸ்மாயில் பாய் உள்ளே கண்ணாடி வால்வு எரிகிற பழைய மாடல் ஆம்ப்ளிஃபயர் சின்னதாக ரெண்டு கொடுத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

"ஒண்ணு கணீர்னு பேசும், இன்னொண்ணு குழைவாப் பேசும். வால்வு நல்லா சூடான பிறகு வாசிங்க. கண்ணை மூடிக் கேளுங்க, இல்லேன்னா பெட்டி அழகுல மயங்கிடுவீங்க. முக்கியமா, ரெண்டுலயும் சத்தம் சமமா இருக்கணும். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பி அனுப்புங்க" என்றார் பாய்.

ரெண்டையும் மொட்டைமாடி வெயிலில் வைத்துக் கம்பளியைப் போர்த்தினார்கள். தவசி உள்ளே கையை விட்டுப் பார்த்தான்.

"சூடாயிட்டால?" என்றார் குழுத் தலைவர் அய்யாபழம்.

"வெதுவெதுன்னு இருக்கு அண்ணாச்சி."

"வெதுவெதுப்பு ஆகாது. பாய் 'நல்லா'ன்னு சொல்லியிருக்காரு."

டிரம்ஸ் அடிக்கிற மாசானம் தலையைச் சொறிந்தான். "கரண்டு குடுத்தா சீக்கிரம் சூடாகுமோ?" என்றான். ஆகா, என்ன மூளை! ஆளுக்கு ஒரு தட்டு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

அடுத்து, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். தவசி, அய்யாபழம், ஒயர் மாட்டுகிற மாசானம் மூன்று பேருமே கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். மாசானம் தடவித் தடவி ஒரு பெட்டியில் சொருகினான். தவசி வாசித்தான். அப்புறம் அடுத்த பெட்டி. அடடா! அதில் எழுந்த நாதம் இருக்கிறதே, தவசிக்கு வடிவே பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"இதுதான்! இதுதான்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

அய்யாபழம் கண்ணைத் திறந்தார். "எது?"

"தெரியல அண்ணாச்சி. ஒயரைப் பிடுங்கிட்டுத்தான் கண்ணையே திறந்தேன். பாய் பேச்சைத் தட்டலாமா?" என்றான் மாசானம்.

"அதுவும் சரிதான்."

போகட்டும், சத்தத்தையாவது சமமாக்குவோம் என்று உட்கார்ந்தார்கள். சிவப்பில் சத்தம் கொஞ்சம் கூடுதல், குறைத்தார்கள். இப்போது கறுப்பு கூடுதல், அதைக் குறைத்தார்கள். மறுபடியும் சிவப்பு எகிறியது. மாறி மாறித் திருகியதில் கடைசியில் ரெண்டு குமிழும் பூஜ்ஜியத்தில் போய் முட்டி நின்றன.

தவசி சிவப்பில் ஒரு முழுப் பாட்டையும் வாசித்தான். கறுப்பிலும் வாசித்தான்.

"அச்சு அசல் ஒண்ணுபோல இருக்கு! இரைச்சல் இல்ல, கரகரப்பு இல்ல" என்றார் அய்யாபழம்.

"தவசி, நீ ஒரு இடத்துலகூடத் தப்பு விடலையேல!" என்றான் மாசானம்.

தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வாசிப்பை அதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

குமிழ் நகர்ந்துவிடக் கூடாதே என்று சிவப்புப் பெட்டிக்கு டேப் ஒட்டி மேடையில் ஏற்றினார்கள். கறுப்பு பாய் கடைக்குத் திரும்பிப் போனது.

கச்சேரியில் தவசி உயிரைக் கொடுத்து வாசித்தான். முன் வரிசையில் முத்துக்குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் அவர் விறுவிறுவென்று மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"பையன் பிரமாதமா வாசிக்கான். ஆனா கிட்டார் சத்தம் ரொம்ப ஜாஸ்தி. கொஞ்சம் குறைச்சுக் காட்டுங்க, வடிவைக் கட்டித் தாரேன்."

கல்யாண விஷயமாச்சே! மேடையிலேயே கூடி ஆலோசித்தார்கள். குமிழோ அதற்கு மேல் குறைய மாட்டேன் என்கிறது.

"ஒயரைப் பிடுங்கிருவோமா?" என்றான் மாசானம்.

"பிடுங்கினா சத்தமே வராதேல! அப்புறம் மாமனார் எதைக் கேப்பாரு?" என்று பதறினான் தவசி.

அய்யாபழம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிப் பின்பக்கப் படுதாவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். தவசி மறுபடி வாசித்தான்.

முத்துக்குட்டியின் முகம் மலர்ந்தது. "இப்பதான் காதுக்கு இதமா இருக்கு. எங்க, அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க மாப்பிள்ளை!" என்றார்.