கயிறு சுற்றிய வட்டம்

"மேடம், நான் விலகிக்கிறேன்" என்றார் திருமேனி.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பாலிடெக்னிக்கில் கணிதம் சொல்லிக்கொடுப்பவர். ஆறு வருடமாக ஆராய்ச்சி மாணவர். பதிவு முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. வழிகாட்டி செல்வமேரி அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்.

"என்ன ஆச்சு சார்?"

"வட்டத்துல ஒருத்தன் ஒரே அளவு அடி வச்சு சுத்தி வர்றான். ஒவ்வொரு இடத்துலயும் அடுத்த அடிக்கு எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம்னு தெரியும். அதை வச்சு எல்லா இடத்தோட உயரத்தையும் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சுட்டீங்களே."

"உயரம் கிடைக்குது. ஆனா ஏற்றம் வழவழன்னு மெல்ல மாற, உயரம் சொரசொரன்னு பக்கத்து இடத்துலயே தாவுது. எங்கேயோ வழவழப்பைத் தொலைக்கிறேன். நாலு வழியில போட்டுப் பார்த்துட்டேன். எங்க தப்புப் பண்றேன்னு தெரியல."

செல்வமேரி எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு கயிறும் சுண்ணாம்புக்கட்டியும் எடுத்துக்கொண்டார்.

"வாங்க."

கணிதத் துறைக் கட்டடத்துக்கு முன்னால் வட்டமாக ஒரு சிமெண்டுத் தரை. நடுவில் தண்ணீர் வராத நீரூற்று. அதன் சுவரில் செல்வமேரி உட்கார்ந்தார்.

"இந்தக் கயிறு நீளம்தான் அவன் வைக்கிற ஒரு அடி. விளிம்போட அளந்து போங்க. ஏற்றத்தை நான் சொல்றேன். கூட்டிக் கூட்டித் தரையில எழுதுங்க."

திருமேனி வேட்டியை மடித்துக் கட்டினார்.

கிழக்கே ஏற்றம். மேற்கே அதே அளவு இறக்கம். நடுவில் சின்னச் சின்ன அலைகளாக மெல்ல மெல்ல மாறும். செல்வமேரி சொல்லச் சொல்ல அவர் குனிந்து எழுதினார்.

கயிறு வட்டத்தில் முழு எண்ணிக்கையாக அடங்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் குறி கொஞ்சம் தள்ளி விழுந்தது. போகிற வருகிற மாணவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி பாண்டி ஆட்டமா என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார் திருமேனி.

ஒன்பதாவது சுற்றில் ஒரு குறி, பழைய குறிக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் விழுந்தது.

அவர் நின்றுவிட்டார்.

"பழைய குறியில உயரம் எவ்வளவு சார்?"

"மூணு."

"இப்போ?"

"ஏழு."

"ரெண்டு இடத்துலயும் அடுத்த அடிக்கு ஏற்றம்?"

"ஏறக்குறைய ஒண்ணுதான்."

"கூட்டினது தப்பா?"

அவர் முதலிலிருந்து விரல் வைத்துக் கூட்டினார். ஒன்பது சுற்றும் கூட்டினார். தப்பு இல்லை.

"கயிறு?"

"அதே கயிறுதான்."

"அப்போ வழவழப்பைத் தொலைச்சது யாரு?"

"நான் இல்ல மேடம். கயிறு வட்டத்துல அடங்காததுதான்." திருமேனி மூன்றையும் ஏழையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

சிரித்து முடித்துத் தலைநிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"மேடம், அப்போ எவ்வளவு தொலையணுமோ அவ்வளவுதான் தொலையுதா? அதுக்குக் குறைச்சலா தொலைக்கவே முடியாதா?"

செல்வமேரி சுவரிலிருந்து இறங்கினார்.

"இதை முதல் வருஷமே கேப்பீங்கன்னு நினைச்சேன். இதை நிரூபிங்க சார், அதுதான் உங்க ஆய்வேடு."