பந்தல் போட மட்டும் இடம் கொடுங்கள்

குமிழங்கோட்டை என்று ஒரு ராஜ்யம். எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். பல்லக்கும் லேப்டாப்பும் ஒரே சபையில் இருந்த ஊர் அது, அந்த அடையாளம் போதும். ராஜா பெயர் கொண்டல்வண்ணர். நல்ல மனுஷர்தான். ஆனால் புது லேப்டாப் வந்த நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். காலையில் அதற்குச் சந்தனப் பொட்டு, சாயங்காலம் சாம்பிராணி. திரைமேல் ஒட்டி வந்த கண்ணாடித் தாளைக்கூட யாரையும் உரிக்க விடவில்லை.

அரண்மனையில் கணினி வேலை பார்த்தவள் செண்பகவல்லி. வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம். குடிமக்கள் தங்கள் போனிலிருந்தே ராஜாவுக்கு நேராக மனுப் போட ஒரு நிரல் எழுதியிருந்தாள். பெயர் ‘ஆராய்ச்சி மணி’. அதுவரை எந்த மனுவானாலும் தலைமைக் கணினியாளர் அகோரமூர்த்தியின் கை வழியாகத்தான் ராஜாவிடம் போகும். அவருக்கு இந்த மணியைக் கண்டாலே காது வலித்தது.

சபையில் அவர் தன் கணினியில் நிரலைத் தட்டிக் காட்டினார். திரை முழுக்கச் சிவப்பெழுத்து.

“என் கணினியில ஓடுதே, மகாராஜா!” என்றாள் செண்பகவல்லி.

சபை கொல்லென்று சிரித்தது. அந்த மாதத்தில் அவள் அதைச் சொல்வது மூன்றாவது தடவை. பாவம், அவள் சொன்னது பொய்யில்லை. நிரல் ஓடத் தேவையான பைத்தான் மொழியும் டேட்டாபேஸும் அவளிடம் புதுசு. அகோரமூர்த்தி வைத்திருந்தது ஆதிகாலத்துப் பதிப்பு. இதைச் சபையில் யாரிடம் போய் விளக்குவது?

“விளக்கு வைக்கறதுக்குள்ள என் லேப்டாப்புல இது ஓடணும்” என்றார் ராஜா. “இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு யானைக் கொட்டாரத்துல சாணி அள்ளுற வேலை.”

அகோரமூர்த்தி பணிவாக எழுந்தார். “மகாராஜா, இந்தப் பொண்ணு அதை ஏத்துறேன், இதை ஏத்துறேன்னு உங்க லேப்டாப்பைச் சந்தைக்கடை ஆக்கிடுவா. பார்த்துக்குங்க.”

ராஜா பதறிப்போய் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். “ஒண்ணையும் ஏத்தக் கூடாது! நிரல் ஓடவும் வேணும், ஒண்ணும் ஏறவும் கூடாது. இது ஆணை!”

அரிசி போடாமல் சோறு வடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. அகோரமூர்த்தி மீசைக்குள் சிரித்தார். செண்பகவல்லியின் மனசு கொட்டாரம் வரை போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. திரும்பும் வழியில் அரண்மனைப் பின்கட்டு கண்ணில் பட்டது. அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது.

“மகாராஜா, போன மாசம் இளவரசி கல்யாணத்துக்கு யார் சமைச்சது?”

“வெளியூர்ச் சமையல்காரங்க.”

“நம்ம அடுக்களையில எதைத் தொட்டாங்க?”

“ஒரு கரண்டியைக்கூடத் தொடலையே!” ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பின்கட்டுல பந்தல் போட இடம் கொடுத்தோம். தண்ணி கொடுத்தோம், விறகு கொடுத்தோம். அண்டாவிலேருந்து பெருங்காயம் வரைக்கும் அவங்களே கொண்டுவந்தாங்க. ஆக்கிப் போட்டாங்க, கழுவி விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“எனக்கும் அதேதான் வேணும். ஒரே ஒரு பந்தல். மத்ததெல்லாம் என்னோடது.”

“பந்தல்தானே, போட்டுக்கோ!”

செண்பகவல்லி ராஜாவின் லேப்டாப்பில், வெளியே எதையும் தொடாமல் தனக்குள்ளேயே நிரலை ஓட்டுகிற கன்டெய்னர் மென்பொருள் என்ற பந்தலைப் போட்டாள். பிறகு மளிகைப் பட்டியல் எழுதுகிற மாதிரி ஒரு சின்னக் கோப்பு எழுதினாள். இந்தப் பதிப்புப் பைத்தானைக் கொண்டுவா, இந்த டேட்டாபேஸை இறக்கு, நிரலை நடுவில் வை, அடுப்பைப் பற்ற வை. ஒரே ஒரு கட்டளை தட்டினாள். பந்தலுக்குள் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. பந்தலுக்கு வெளியே ராஜாவின் லேப்டாப்பில் ஒரு தூசு விழவில்லை.

டிங்! ஆராய்ச்சி மணி அடித்தது.

ராஜா குழந்தை மாதிரி கை தட்டினார். “மனு வந்துடுச்சு! யானைப்பாகன் இருளப்பன் போட்டிருக்கான்!” என்று உரக்கப் படித்தார். “‘சாமி, கொட்டாரத்துல சாணி அள்ள ஆளில்லை. மூணு மாசமா மனு மேல மனுவாப் போடுறேன். அத்தனையையும் உங்க கண்ணுல காட்டாம மறைக்கிறது யாருன்னா...’”

“மோசடி!” என்று அலறினார் அகோரமூர்த்தி. “பந்தலும் ஏத்தினதுதானே? ஆணையை மீறிட்டா!”

“ஐயா சொல்றது நியாயம்” என்று செண்பகவல்லி சட்டென்று இன்னொரு கட்டளை தட்டினாள். பந்தல், அண்டா, அடுப்பு எல்லாம் மாயம். “பாருங்க மகாராஜா, தரை சுத்தம்.”

“அடிப் பாவி! நான் படிச்சுக்கிட்டிருந்தேனே! மறைக்கிறது யாரு? யாரு?”

“ஆணை இருக்கே, மகாராஜா. ஒண்ணும் ஏத்தக் கூடாதே.”

“ஆமாம், ஆணை, ஆணை!” என்றார் அகோரமூர்த்தி, வியர்த்துக்கொண்டே.

“அந்த ஆணையைத் தூக்கிக் குப்பையில போடு! பந்தலைப் போடும்மா!”

மறுபடி அதே பட்டியல், அதே கட்டளை. நாலு வெற்றிலை மடிப்பதற்குள் எல்லாம் முன்போலவே வந்து நின்றன. மனுவும் பத்திரமாக இருந்தது. செண்பகவல்லி மனுக்களைத் தன் கணினியில் தனியாகச் சேமித்து வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் தாலியைச் சமையல் பந்தலிலா வைப்பார்கள்?

ராஜா விட்ட இடத்திலிருந்து படித்தார். “‘...யாருன்னா, நம்ம அகோரமூர்த்தி ஐயாதான், சாமி.’”

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் செண்பகவல்லி கையில் கொடுத்து, அவளே இனித் தலைமைக் கணினியாளர் என்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார். “அகோரமூர்த்தி, கொட்டாரத்துல ஆள் இல்லையாமே. நாளைக்கே போய்ச் சேரும்.”

“மகாராஜா! என்கிட்ட ஒரு கூடை இல்லை, ஒரு துடைப்பம்கூட இல்லையே!”

செண்பகவல்லி கைகூப்பினாள். “கவலைப்படாதீங்க ஐயா. இடமும் தண்ணியும் அரண்மனை கொடுக்கும். மத்ததெல்லாம் நீங்கதான் கொண்டுவரணும்!”

ராஜா விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பில் லேப்டாப்பின் கண்ணாடித் தாள் தானாகவே உரிந்து விழுந்தது.