எரிக்காத கடிதம்

இந்தக் கதையை அவிழ்க்க வேண்டிய அத்தனையும் கதைக்குள்ளேயே இருக்கிறது. விடையை அடியில் எழுதியிருக்கிறேன். அதை முதலில் எட்டிப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

அமெரிக்கா சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்களே ஆன காலம். ஆற்றோரத்து மாநிலம் ஒன்றின் ஆளுநர் ஜொசையா ஹாலெட் நாளுக்கு இருபது கடிதம் எழுதுகிறவர். தவறிய சொல்லைப் பேனாக்கத்தியால் சுரண்டிவிட்டு அதன்மேலேயே வேறு சொல் எழுதுவது அவர் வழக்கம். அலுவல் கடிதங்களுக்கு இன்னொரு முறையும் உண்டு. மை காய்ந்து இறுகுவதற்குள் செயலாளர் பிப்ஸ் அதன்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து இரும்பு அச்சில் அழுத்துவார். மையில் பாதி அந்தத் தாளில் ஏறி, நகலாக வீட்டில் தங்கிவிடும். அச்சில் போய்வந்த கடிதம் வெளுத்துப்போய்த்தான் ஊர் சேரும். நண்பர்களுக்கு எழுதும் சொந்தக் கடிதங்களை மட்டும் அச்சில் வைக்கக் கூடாது என்பது ஆளுநரின் கண்டிப்பான உத்தரவு. அவை கன்னங்கரேலென்று வரும்.

இருபது வருஷமாக அப்படிப்பட்ட கடிதங்களைப் பெற்றவர் கேலப் விண்ட்ரோ. இரண்டு நாள் பயணத் தொலைவில் இருக்கும் சட்டசபை உறுப்பினர். அவர் மகன் இறந்த மார்ச் மாதத்தில் ஹாலெட்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் நான்கு வரி அந்தப் பிள்ளையைப் பற்றி. பிறகு அரசியல். படைத்தலைமை கேட்டு நிற்கும் மேஜர் ட்ரஸ்காட்டைப் பற்றி, "போர்க்களத்தில் தயக்கக்காரர்" என்று ஹாலெட் எழுதியிருந்தார். கடைசியில், "படித்ததும் எரித்துவிடு" என்றிருந்தது.

எரித்துவிட்டதாகக் கேலப் பதில் போட்டார். ஆனால் எரிக்கவில்லை. அந்த நான்கு வரியை நெருப்பில் போட அவருக்குக் கை வரவில்லை.

பத்து நாளில் பத்திரிகை ஒன்று அந்தக் கடிதத்தை முழுவதுமாக அச்சிட்டது. "ட்ரஸ்காட் போர்க்களத்தில் கோழை என்று ஆளுநர் எழுதுகிறார்" என்பது தலைப்பு. ஹாலெட்டிடமிருந்து மூன்றாம் நாளே அழைப்பு வந்தது. இருபது வருஷமாக 'நீ' என்று எழுதியவர் அதில் 'நீங்கள்' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் கேலப் கிளம்பிவிட்டார்.

ஆளுநர் வீட்டுக் கூடத்தில் மேஜர் ட்ரஸ்காட் உட்காரக்கூட மறுத்து நின்றிருந்தார். கடிதம் சுமந்த குதிரைக்காரர் ஏமஸ் கதவோரம் நின்றார். பிப்ஸ் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"எழுதியது நான்தான். அதை மறுக்கவில்லை," என்றார் ஹாலெட். "வெளியே கொடுத்தது யார் என்று இன்று தெரிய வேண்டும். நீங்கள்தான் என்றால், கேலப், நம் சிநேகிதம் இத்தோடு சரி. காரணத்தையும் நானே பத்திரிகையில் எழுதுவேன்."

அப்படி எழுதப்பட்டவனுக்கு நாட்டில் யாரும் கடிதம் போடமாட்டார்கள். சட்டசபையில் பக்கத்து நாற்காலிகூடக் காலியாகிவிடும்.

"முத்திரை உடையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்," என்றார் ஏமஸ்.

கேலப் தலையசைத்தார். "உண்மைதான். முத்திரை முழுசாக இருந்தது." சொன்னதும், தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

"சொந்தக் கடிதத்தை நான் தொடுவதே இல்லை, ஐயா," என்றார் பிப்ஸ். "அன்று எழுதி முடித்ததும் யாரோ வந்தார்கள் என்று நீங்கள் அரை மணி வெளியே போனீர்கள். திரும்பி வந்து படித்துப் பார்த்து, நீங்களே மடித்து முத்திரை வைத்தீர்கள். நான் அரக்கு மட்டும் உருக்கிக் கொடுத்தேன்."

எல்லார் கண்ணும் கேலப் மேல் வந்து நின்றது. கடிதம் அவர் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி இருந்தது. எடுத்தால் பொய்யன். எடுக்காவிட்டால் துரோகி. அதை எடுத்து மேசையில் விரித்தார்.

"எரித்துவிட்டதாக எழுதினீர்கள்," என்றார் ஹாலெட்.

"பொய் எழுதினேன்."

"ஒரு பொய் சொன்னவர் இன்னொன்று சொல்லமாட்டாரா?" என்றார் பிப்ஸ்.

கேலப் ஹாலெட் பக்கம் திரும்பினார். "ஜொசையா, பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் பார்," என்றார்.

ஹாலெட் குனிந்தார். கடிதம் முழுக்க எழுத்து வெளுத்துப்போயிருந்தது. பத்திரிகையில் 'கோழை' என்று இருந்த இடத்தில், கடிதத்தில் 'தயக்கக்காரர்' என்ற ஒரு சொல் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அந்த இடத்தில் விரல் வைத்தார், தாள் சொரசொரத்தது.

வாசகரே, கேலப், ஏமஸ், பிப்ஸ் மூவரில் கடிதத்தை வெளியே கொடுத்தது யார்? மேசையில் கிடக்கும் தாள் அதற்கு எப்படிச் சாட்சி சொல்கிறது?

விடை: பிப்ஸ். சொந்தக் கடிதம் வெளுத்திருக்கிறது என்றால் அது அச்சில் போய்வந்திருக்கிறது. ஹாலெட் கோபத்தில் முதலில் எழுதியது 'கோழை'தான். அவர் வெளியே போன அரை மணியில் பிப்ஸ் நகல் எடுத்துவிட்டார். திரும்பி வந்த ஹாலெட் மனம் இளகி, அந்தச் சொல்லைச் சுரண்டிவிட்டு 'தயக்கக்காரர்' என்று எழுதினார். அச்சுக்குப் பிறகு எழுதியதால் அது மட்டும் வெளுக்கவில்லை. நாளுக்கு இருபது கடிதம் எழுதுகிறவருக்குக் கோபப்பட்டது நினைவிருந்தது, திருத்தியது மறந்துவிட்டது. மடித்த கடிதத்தைத் திறந்த யாரும் 'கோழை' என்ற சொல்லைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. கேலப் சொன்னபடி எரித்திருந்தால் இதைச் சொல்ல ஒரு சாட்சியும் மிஞ்சியிருக்காது. ஹாலெட் அந்த நான்கு வரியை மறுபடி ஒருமுறை படித்தார். தாளை மடித்துக் கேலப் கையிலேயே கொடுத்தார்.

"இதை எரிக்காதே," என்றார்.