சிரித்தவன் யார்?

கும்பினிப் பட்டாளத்தில் வாய்ச்சவடால் பேர்வழியான கேப்டன் துரை ஒருவர் இருந்தார். ஒருநாள் அணிவகுப்பில் மரியாதை வெடி போட்டதும், மனுஷர் அலறிக்கொண்டு தண்ணீர் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். பின்வரிசையில் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான்.

வெளியே வந்த துரை, முன்வரிசையில் நின்ற நாயக் பதவியிலிருந்த இருளாண்டியின் பட்டையில் வாள் முனையை வைத்தார். "சிரித்தவன் பெயரைச் சொல்! இல்லாவிட்டால் பட்டையும் போகும், முதுகுத் தோலும் உரியும்!"

சத்தம் கேட்டுக் கர்னலே வந்து இருளாண்டிக்கு எதிரே நின்றார்.

"அட்டென்ஷனில் கண் நேரேதான் பார்க்கணும், துரையவர்களே. பின்னால் சிரித்தவனை எப்படிப் பார்ப்பேன்?" என்றான் இருளாண்டி.

"நேரே என்னத்தைப் பார்த்தாய்?" என்றார் கர்னல்.

"வண்டிக்கு அடியில் கேப்டன் துரையோட பூட்ஸ், எசமான்."

கர்னல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

இருளாண்டியின் கண் அசையவில்லை. "கேப்டன் துரையவர்களே, இப்போது சிரிக்கிறவர் எனக்கு நேரேதான் நிற்கிறார். பெயரைச் சொல்லட்டுமா?"