எலிக்கு வைத்த தண்ணீர்ப் பானை

ஒரு மலைக்காட்டில் மூங்கில் பூத்தது. மூங்கில் பூப்பது என்ன வருஷா வருஷம் நடக்கிற காரியமா? ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை பூக்கும். பூத்து, அரிசி உதிர்த்து, அப்படியே புதர் புதராகப் பட்டுப்போகும். அந்தத் தடவை மூங்கிலரிசி மழை மாதிரி கொட்டியது. கரடி, காட்டுப்பன்றி, குரங்கு, முள்ளம்பன்றி, கௌதாரி எல்லாரும் சேர்ந்து அதை வாரிக் கொண்டுபோய், குளத்துக்கு மேலே இருந்த பாறைக் குகையில் குவித்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிகிற வரைக்கும் காட்டுக்கே அதுதான் சோறு.

மூங்கிலரிசி விழுந்தால் கூடவே எலியும் பெருகும். காட்டில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? ஒருத்தரும் யோசிக்கவில்லை. குகையின் இடுக்குகளில் எலிக்கூட்டம் ஒன்று குடியேறிவிட்டது. அதற்குத் தலைவன் தடிவாலன். ஒரு மணி அரிசி பொறுக்கியவன் இல்லை. ஆனால் அவன் பேச்சைக் கேட்டால் அந்தக் குகையே அவன் பாட்டன் சொத்து என்று நினைப்பீர்கள்.

கரடியார் கையை விட்டுத் துழாவினார். இடுக்கு குறுகல், கை நுழையவில்லை. காட்டுப்பன்றி மூக்கை விட்டுப் பார்த்தது. மூக்கில் நாலு கடி வாங்கிக்கொண்டு திரும்பியது. தடிவாலன் குகை வாசலில் நின்று சிரித்தான். "கொண்டுவந்து கொட்டுவது உங்கள் வேலை. தின்பது எங்கள் வேலை. அரிசி தீர்ந்தாலும் கவலை இல்லை. புதருக்குள் அந்தக் கௌதாரி முட்டை வைத்திருக்கிறாள் அல்லவா, அதுதான் எங்களுக்கு அடுத்த பலகாரம்" என்றான்.

அந்தக் கௌதாரியின் பெயர் செங்காலி. குகைக்குப் பக்கத்துப் புதரில்தான் அவள் முட்டையிட்டிருந்தாள். அவளும் அவள் வீட்டுக்காரனும் மாறி மாறி அடைகாத்து வந்தார்கள். தடிவாலன் சொன்னது அவள் காதில் விழுந்தது. முட்டைகளை நினைத்து அவளுக்குப் பயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

எலிக்குப் பொறி வைப்பது என்று காடு கூடி முடிவு செய்தது. யார் முதலில் வைப்பது? அதற்கு ஒரு பெரிய சண்டை. கடைசியில் உருவத்தில் பெரியவர் முதலில் என்று வழக்கம்போல் முடிந்தது. உருவத்துக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம் என்று செங்காலி கேட்டாள். அதற்குள் கரடியார் எழுந்து கல் தேடப் போய்விட்டார்.

கரடியார் ஒரு பலகைக் கல்லைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அதற்கு அடியில் தேனடை வைத்தார். மலைத்தேன், வாசனை காட்டையே தூக்கியது. இதை வேண்டாம் என்று சொல்கிற ஜீவன் உலகத்திலேயே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். ஆனால் தூக்கம் வந்தால்தானே? தேன் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார். பார்த்தவர் சும்மா வருவாரா? ஒரு நக்கு நக்கினார். கல் அவர் கைமேலேயே விழுந்தது.

அடுத்தது காட்டுப்பன்றி. அது சேற்றுக் கிழங்கு வைத்தது. எலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிழங்கின் அருமை தெரியாத ஜென்மங்கள் என்று பன்றிக்கு ஒரே வருத்தம். பிறகு குரங்கு பலாச்சுளை வைத்தது. ஒரு சுளை வைக்கும், ரெண்டு சுளை தின்னும். அதையும் எலிகள் தொடவில்லை. குரங்குக்கு மானம் போய்விட்டது. "என் பலாச்சுளையையா வேண்டாம் என்றான்!" என்று மரத்தில் ஏறி உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பாருங்கள், எலி பிடிக்க வந்தவர்களுக்கு எலி பிடிபடவில்லை என்கிற கவலை இல்லை. தங்கள் சாப்பாட்டை அது மதிக்கவில்லை என்கிற கவலைதான். தடிவாலனுக்கு ஒரே கொண்டாட்டம். கழுத்து வரைக்கும் அரிசி கிடக்கும்போது உங்கள் எச்சிலுக்கு யார் வருவார்கள் என்று தினமும் வாசலில் நின்று வசை பாடினான்.

கடைசியில் கரடியார் கட்டுப்போட்ட கையோடு எல்லாரையும் கூட்டினார். அரிசி பாதியாகிவிட்டது, இனி இங்கே இருந்து பிரயோசனம் இல்லை, பக்கத்து மலைக்குப் போய்விடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். செங்காலி மட்டும் ஆட்டவில்லை.

"நான் வரமாட்டேன் பெரியவரே" என்றாள்.

"ஏனம்மா அடம் பிடிக்கிறாய்?"

"முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? நான் போனால் அவன் தின்பான். இந்த அலகால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கியது நான். இந்த மலையை விட்டுப் போக வேண்டியவன் அவன்தான், நான் இல்லை."

குரங்கு மரத்திலிருந்து சிரித்தது. கைப்பிடி அளவு பறவை, என்ன வைத்துப் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டது. அது எனக்கும் இன்னும் தெரியாது, எலியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் செங்காலி. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் அவள்தான். கரடியாருக்கு அது பிடித்திருந்தது. சரி, முட்டை பொரிகிற வரைக்கும் நாங்களும் இருக்கிறோம் என்றார்.

அன்றிலிருந்து அவள் குகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன வைக்கலாம் என்று யோசிக்கவே இல்லை. எலி என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தாள். ஒரு காலை வழக்கம்போல் தடிவாலன் வாசலுக்கு வந்து வசை பாட ஆரம்பித்தான். அவன் குரல் கரகரவென்று உடைந்துபோயிருந்தது. நாலு வார்த்தை திட்டுவான், பக்கத்துப் பாறையை ஒரு நக்கு நக்குவான். மறுபடி திட்டுவான், மறுபடி நக்குவான். பாறைமேல் விடியற்காலைப் பனி ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

செங்காலிக்கு விளங்கிவிட்டது. சித்திரை வெயிலில் குகைக்குள் கசிந்த ஊற்று நின்றுபோயிருந்தது. கீழே குளமும் வறண்டு வெடித்துக் கிடந்தது. குளத்தின் நடுவில் காட்டுப்பன்றி தோண்டிய குழி ஒன்றில்தான் கொஞ்சம் தண்ணீர். எலிகள் அவ்வளவு தூரம் வெட்டவெளியில் வரப் பயந்தன. உள்ளே மலைபோல் அரிசி, நனைக்க ஒரு சொட்டு இல்லை. காய்ந்த அரிசியைத் தின்னத் தின்னத் தாகம் கூடத்தானே செய்யும்?

தேனெடுக்க வந்த மனிதர்கள் விட்டுப்போன பானை ஒன்று காட்டில் கிடந்தது. வயிறு பெருத்து, வாய் சிறுத்த பானை. செங்காலி கேட்டதும் முள்ளம்பன்றி குகைப் பக்கத்தில் குழி தோண்டி, பானையின் வாய் தரையோடு இருக்கும்படி அதைப் புதைத்தது. குரங்கு முணுமுணுத்துக்கொண்டே கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றியது. பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். எலி இறங்கி ஏறுவதற்கு ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைச் சாய்த்து வைத்தாள்.

"வெறும் தண்ணீரா? இதைப் பார்த்துக் காடே சிரிக்கும்" என்றது குரங்கு. சிரிக்கட்டும், பல் இருக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றாள் அவள்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு குட்டி எலி வந்தது. பானையைச் சுற்றிச் சுற்றி மோந்தது. குச்சி வழியாக இறங்கியது, குடித்தது, ஏறி ஓடியது. செங்காலியின் வீட்டுக்காரன் துடித்தான். குச்சியை உருவ வேண்டியதுதானே, ஒன்றாவது மாட்டியிருக்குமே என்றான். ஒன்று மாட்டினால் மற்றது எதுவும் வராது, அந்தக் குட்டி போய் ஊரெல்லாம் சொல்லட்டும் என்று அவள் தடுத்துவிட்டாள். மறுநாள் ஒரு குடும்பமே வந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு கூட்டம். செங்காலி புதருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குறையக் குறையக் குரங்கை விட்டு நிரப்பவும் செய்தாள். எலிகளுக்குப் பயம் விட்டுப்போனது.

தடிவாலன் மட்டும் வரவில்லை. அடுத்தவர்கள் குடித்துப் பிழைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வருவான். அவன் வீரம் அவ்வளவுதான். கடைசியில் ஒரு சாயங்காலம் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். தலைவன் குடிக்காத தண்ணீரை நீங்கள் எப்படிக் குடிக்கலாம் என்று எல்லாரையும் தள்ளிவிட்டு முதல் ஆளாக இறங்கினான். அவனுக்குப் பின்னால் அவன் அடியாட்கள் எல்லாரும் முண்டியடித்து இறங்கினார்கள்.

குச்சியை உருவ வேண்டியது குரங்கின் பொறுப்பு. அதைப் பார்த்தால், எங்கேயோ அத்திப்பழம் பழுத்திருக்கிறது என்று போய்விட்டது.

செங்காலி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. புதரை விட்டுப் பாய்ந்தாள். குச்சியை அலகால் கவ்வி இழுத்தாள். ஆபத்து என்று தெரிந்ததும் தடிவாலன் குச்சியில் பாய்ந்து ஏறினான். பாதி தூரம் வந்துவிட்டான். அவன் மீசை அவள் முகத்தில் பட்டது. "விடடி, கழுத்தைக் கடித்துவிடுவேன்!" என்று சீறினான். அவள் குச்சியை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி, ஒரே உதறாக உதறினாள். தடிவாலன் தண்ணீரில் போய் விழுந்தான். குச்சி வெளியே வந்துவிட்டது.

பானைக்குள் ஒரே கூச்சல். ஏறினான், வழுக்கினான், மறுபடி ஏறினான். பானையின் கழுத்து உள்பக்கமாக வளைந்திருந்தது, கால் நிற்கவில்லை. அப்போதும் அவன் வாய் ஓயவில்லை. "சாப்பாடு வைத்து என்னை ஜெயித்தவன் எவனும் இல்லை. இது ஏமாற்று வேலை!" என்று கத்தினான்.

செங்காலி பானை விளிம்பில் நின்று குனிந்து பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் சாப்பாடே வைக்கவில்லையே" என்றாள். "அவர்கள் எல்லாரும் தங்கள் நாக்கைக் கேட்டு வைத்தார்கள். நான் உன் நாக்கைப் பார்த்து வைத்தேன்."

சத்தம் கேட்டுக் கரடியார் வந்தார். தடிவாலன் உடனே குரலை மாற்றினான். பாதி அரிசியைத் தொடமாட்டேன், முட்டைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று கெஞ்சினான். கரடியாருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"பாதி அரிசியைக் கொடுக்க இவன் யார்? மொத்தமும் எங்களுடையது" என்றாள் செங்காலி. "கை சரியாகிவிட்டதென்றால் தூக்குங்கள் பெரியவரே. ஆகவில்லை என்றால் நானே உருட்டுகிறேன்."

கரடியார் பானையைத் தோண்டி எடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பள்ளத்தில் உருட்டிவிட்டார். பானை உடைகிற சத்தம் காடு முழுக்கக் கேட்டது. தலைவனும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று ஆனதும் மிச்ச எலிகள் குகையை விட்டு இறங்கின. அடைகாத்துக்கொண்டிருந்த செங்காலிக்கு எதிரிலேயே வரிசையாக நடந்துபோயின. ஒன்றுகூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வாரமே முட்டைகள் பொரிந்தன.

எதிரியை வெல்ல நினைக்கிறவன், தனக்கு எதில் ஆசை என்று பார்க்கக் கூடாது, எதிரிக்கு எது இல்லை என்று பார்க்க வேண்டும்.